லண்டன் கிட்டவா, மெல்பேர்ண் கிட்டவா?

டிக்கெட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், முப்பத்தொரு வருடம் ஒரே கதிரையில் இருந்துவிட்டு இடுப்பு நோவோடு வீட்டுக்குப் போனவன் எழுதுகிறேன். கணினியில் சீட் பிடிப்பது, பெயர் திருத்துவது, திகதி மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் வாய் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சொல்லப்போவது கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நாங்கள் வாயால் சொல்லும் பதில்களைப் பற்றி.

எங்கள் கந்தோர் மட்டக்களப்பு நகரத்தில், பாலத்தடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் வாவிக் காற்று வந்து தாள்களையெல்லாம் நிலத்தில் கொட்டும். வருகிறவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேட்காமல் போகமாட்டார்கள். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? ஒருமுறை ஒரு போடியார், நிறைய வயல் வைத்திருக்கிறவர், மகளைப் பார்க்க லண்டன் போய்வந்து, நேரே என்னிடம் சண்டைக்கு வந்தார். வெறுங்காலோடு வயலில் நிற்கிற மனிதர், அன்று சப்பாத்துப் போட்டிருந்தார். "போகக்குள்ள ஏழு மணித்தியாலம், வரக்குள்ள பதினஞ்சு மணித்தியாலம். ஒரே வானம்தானே தம்பி? ஏன் என்னை மட்டும் சுத்திக் கொண்டுவந்தவன்?" என்றார். புறப்பட்ட நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் அந்தந்த ஊர் மணிக்கூட்டில் பார்த்துக் கழித்திருக்கிறார். இரண்டு ஊர் மணிக்கூடும் நான்கரை மணித்தியாலம் வித்தியாசமாக ஓடுகின்றன என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவர், "அப்ப லண்டன்காரன் மணிக்கூட்டைச் சரியா வச்சானெண்டா பிரச்சினை தீர்ந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். தூரமும் நேரமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்ற பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமையால் ஒரு பெண்ணுக்கு நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன்.

அவர் பெயர் பூரணம். நான் பூரணக்கா என்பேன். சித்தாண்டிக்காரி. புருசன் இறந்த பிறகு பத்து ஏக்கர் வயலைத் தானே நின்று செய்கிற மனுசி. பெண் பிள்ளை இல்லை, இரண்டு ஆண்கள். மூத்தவனை லண்டனுக்கு அனுப்பியதும் நான், இளையவனை மெல்பேர்ணுக்கு அனுப்பியதும் நான். இளையவனின் டிக்கெட்டை வாங்க வந்த நாளில், பூரணக்கா எங்கள் கவுண்டருக்கு முன்னாலேயே நின்று, மூத்தவனைத் தொலைபேசியில் பிடித்து, இரண்டு பேருக்கும் ஒரே சட்டம் போட்டார். "எனக்கு ஒண்டெண்டா, கிட்ட இருக்கிறவன் உடன வந்து நிக்கணும். மற்றவன் மெல்லமா வரலாம்." இரண்டு பேரும் ஓம் என்றார்கள். எது கிட்ட என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் மூத்தவன் லண்டனிலிருந்து எடுத்தான்.

"அண்ணன், ஒரு விசயம். லண்டன் கிட்டவா, மெல்பேர்ண் கிட்டவா?"

இதற்கெல்லாம் நான் கணினியைப் பார்க்கிற ஆள் இல்லை. "மெல்பேர்ண்தான் தம்பி. நேர் விமானம் பத்தேகால் மணித்தியாலம். லண்டனுக்குப் பதினொன்றேகால் போகும்" என்றேன்.

"ஒரு மணித்தியாலம் வித்தியாசமா? சரியாத் தெரியுமா அண்ணன்?"

"எத்தினை வருசமா இந்தக் கதிரையில இருக்கன்!"

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான். குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. யாரோடோ பந்தயம் பிடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

செவ்வாய் காலை இளையவன் எடுத்தான். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"அண்ணன், நீங்க அண்ணாக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? அம்மா ஆசுபத்திரியில கிடக்கிறா!"

அப்போதுதான் எனக்குக் கதை தெரிந்தது. பூரணக்காவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். வயல் வட்டைக்குள் நடந்தபோது காலில் முள் குத்தி, அதை அவர் கணக்கெடுக்காமல் விட, புண் அழுகிவிட்டது. வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலைக்குள் எடுக்காவிட்டால் காலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுசி கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். மகன்மாரில் ஒருத்தன் வந்து பக்கத்தில் நின்றால்தான் வைப்பாராம். சட்டப்படி கிட்ட இருப்பவன் வர வேண்டும். மூத்தவன் ஞாயிறே சீட் பார்த்து வைத்திருந்தான். நான் மெல்பேர்ண்தான் கிட்ட என்று சொன்னதும் அதை விட்டுவிட்டு, தம்பிக்கு எடுத்து, "நீதான் கிட்ட, டிக்கெட் அண்ணனே சொன்னவர்" என்றிருக்கிறான்.

"நீங்க சொன்னது கொழும்பில இருந்து இஞ்ச வாற நேரம் அண்ணன். நாங்க அங்க வரவேணும். அத ஏன் பாக்கல்ல?" என்றான் இளையவன்.

கணினியைத் திறந்து பார்த்தேன். மேலே வானத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்குக்கு அடிக்கிறது. லண்டனிலிருந்து வருகிற விமானத்தை அது தள்ளிக்கொண்டு வரும், மெல்பேர்ணிலிருந்து வருவதை எதிர்த்து நிற்கும். லண்டனிலிருந்து கொழும்புக்குப் பத்தரை மணித்தியாலம். மெல்பேர்ணிலிருந்து பதினொன்று. நான் சொன்னதற்கு நேர் எதிர். அத்தனை வருடமும் நான் ஆட்களை அனுப்பித்தான் பழகியிருந்தேன். வெளிக்கிடுகிற நேரம்தான் என் நாக்கில் இருந்தது. திரும்பி வர எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்டவர்கள் குறைவு, நானாகப் பார்த்ததும் குறைவு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே மூத்தவனுக்கு எடுத்துப் பிழையைச் சொன்னேன். அவன் கத்தினான். "நேத்துச் சொல்லியிருந்தா நேத்தே ஏறியிருப்பன் அண்ணன்! இப்ப அந்த லீவு போச்சு. மறுகா போய் முதலாளிட காலில விழோணும். நேத்து ஒண்டு, இண்டைக்கு ஒண்டு சொல்லுறீங்க. நான் எத நம்புற?"

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூத்தவன் நேரத்தை விட்டுவிட்டுக் கிலோமீற்றருக்குப் போனான். கிலோமீற்றர் கணக்கில் மெல்பேர்ண்தான் கிட்ட, முந்நூறு சொச்சம் குறைவு. காற்றை எல்லாம் தூரத்தில் சேர்க்க முடியாது என்றான். இளையவன் தன் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் என்று அதையும் கூட்டினான். மூத்தவன் தன் பக்கத்து ரயில் நேரத்தையும், ரயிலுக்கு நடக்கிற நேரத்தையும் கூட்டினான். பிறகு, தம்பி வியாழன் காலை ஏறினால் வியாழன் மதியமே இறங்குகிறான், தான் புதன் ஏறி வியாழன்தான் இறங்க முடியும், ஆகவே தம்பிக்குத்தான் கிட்ட என்று போடியார் கணக்கையும் கொண்டுவந்தான். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. மூத்தவனுக்கு வேலை போகிற பயம். இளையவனுக்கு மனைவி மாதம் நிறைந்து நிற்கிறாள். ஆனாலும் அன்று பகல் முழுக்க அந்த இரண்டு பேருடைய கணக்கையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இவர்கள் தாய்க்கு வருகிறார்களா, இல்லாவிட்டால் பூமியை அளக்கிறார்களா என்று எரிச்சல் வந்தது.

பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போனேன். கந்தோரிலிருந்து நடக்கிற தூரம்தான். வார்டுக்குள் கால் வைக்கும்போதே அந்தப் புண்ணின் மணம் வந்தது. பூரணக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரிக்கு விதைப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூரணக்கா, கையெழுத்தைப் போடுங்கோ. அவனுகள் வருவானுகள்" என்றேன்.

"வரட்டும். வந்தா வைக்கிறன்."

"ஒவ்வொரு நாளும் புண் மேல ஏறுதாம். டாக்டர் சொன்னவர்."

"எனக்குத் தெரியாதா தம்பி? என்ட காலுதானே." போர்வையை இழுத்துக் காலை மூடினார். "அவங்கட அப்பாவ இந்த ஆசுபத்திரியிலதான் உள்ளுக்குக் கொண்டு போனவங்க. வெளிய வரக்குள்ள மனுசன் இல்ல. என்னை உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு போகக்குள்ள என்ட புள்ளைட முகத்த ஒருக்காப் பாத்துட்டுப் போகணும். அவ்வளவுதான்."

பிறகு கேட்டார். "அது சரி, ஆருக்குத் தம்பி கிட்ட? நீங்கதானே இதெல்லாம் தெரிஞ்ச ஆள்."

நான் எழும்பி, அவருடைய போத்தலுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன் காலை இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வாய்ச் சொல்லில் இனி நம்பிக்கை இல்லையாம். கந்தோர்க் கடிதத்தாளில், சீல் குத்தி, யார் கிட்ட என்று எழுதித் தர வேண்டும். கடிதம் யாரைச் சொல்கிறதோ அவன் மறுபேச்சில்லாமல் ஏறுவானாம். நான் எங்கள் முதலாளியிடம் போனேன். ஏறாவூர்க்காரர், ஐந்து நேரத் தொழுகை தவறாதவர். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் பொய்க்குச் சீல் குத்தி நான் கண்டதில்லை. பிள்ளைகள் பாவிக்கிற உலக உருண்டை ஒன்று அவர் மேசையில் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலைப் பிய்த்து, கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஒருமுறை, மெல்பேர்ணுக்கு ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"நகத்தளவு வித்தியாசம்தானே? இதுக்கா மூணு நாளா?" என்றார்.

அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பட்டது. வருகிற நேரத்தைப் பார்த்தால் லண்டன் கிட்ட. கிலோமீற்றரைப் பார்த்தால் மெல்பேர்ண் கிட்ட. ஒருத்தனைத் தெரிந்தெடுத்து எழுதினால் அவன் இன்னொரு கணக்கோடு திரும்பி வருவான், அதற்குள் வெள்ளி வந்துவிடும். புதன் இரவு லண்டனிலிருந்தும் வியாழன் காலை மெல்பேர்ணிலிருந்தும் விமானம் இருந்தது. இரண்டும் வியாழன் மதியம் கட்டுநாயக்காவில் இறங்கும். அதைத் தவறவிட்டால் பிறகு சரிவராது.

இரண்டு கடிதம் அடித்தேன். மூத்தவனுக்கு: "விமானம் பறக்கும் நேரத்தின்படி கொழும்புக்கு வந்து சேர லண்டனே கிட்ட என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்." இளையவனுக்கு: "வான்வழித் தூரத்தின்படி கொழும்புக்கு மெல்பேர்ணே கிட்ட என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்." இரண்டையும் முதலாளி முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ரெண்டும் உண்மையா?"

"எழுத்துக்கு எழுத்து உண்மை முதலாளி."

"மூத்தவன் இளையவன்ட கடிதத்தக் கேட்டா?"

"கேட்டா அனுப்புவன். கேக்காட்டி நானா அனுப்பமாட்டன்."

தாடியைத் தடவினார். "அல்லாஹ் மன்னிக்கட்டும். குத்து சீல" என்றார்.

படம் பிடித்து இருவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருத்தரும் மற்றவரின் கடிதத்தைக் கேட்கவில்லை. தான்தான் தோற்றேன் என்று ஒவ்வொருத்தனும் நினைத்திருப்பான், அதை மற்றவனுக்கு எடுத்துச் சொல்ல மனம் வந்திருக்காது. தாங்களே கடிதம் கேட்டவர்கள் ஆனபடியால் சொல் மாறவில்லை, உடனே டிக்கெட் போடச் சொன்னார்கள். போட்டேன். இரண்டு பேரும் தான் ஒருத்தன்தான் போகிறேன் என்று நினைத்து ஏறினார்கள்.

வேன் ஒன்றுதான் அனுப்பினேன். சாரதி ஓட்டமாவடிப் பொடியன். அவனிடம் 'பூரணம்' என்று பெரிதாக எழுதிய மட்டையைக் கொடுத்து, மகன் வருவான், ஏற்றிக்கொண்டு வா என்றேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழன் பின்னேரம் இரண்டு மணி போல எடுத்தான்.

"அண்ணன், ஒரு சிக்கல். மட்டையைப் பாத்துட்டு மகன் ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ஆள ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க, ஒரு பேச்சும் இல்ல. எந்த மகன ஏத்துற?"

"ரெண்டையும் ஏத்து" என்று வைத்துவிட்டுத் தொலைபேசியை அணைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் தொலைபேசியை அணைத்ததில்லை.

மீதியைச் சாரதி பிறகு சொன்னான். முதல் மூன்று மணித்தியாலம் ஒருத்தர் முன் சீட், ஒருத்தர் கடைசிச் சீட். ஹபரணை தாண்டியதும் ரோட்டில் யானை ஒன்று குறுக்கே நின்றது. பின்னால் பஸ், லொறி எல்லாம் வரிசை கட்டி நிற்க, ஒரு மணித்தியாலம் போனது. உலகத்தின் இரண்டு பக்கத்திலிருந்து பதினொரு மணித்தியாலத்துக்குள் பறந்து வந்தவர்கள், ஒரு யானைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுது போகாமல் மூத்தவன் தன் கடிதத்தைக் காட்டியிருக்கிறான். இளையவன் தன்னுடையதைக் காட்டியிருக்கிறான். ஒரே சீல், ஒரே கையெழுத்து. முதலில் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசியிருக்கிறார்கள். மூன்று நாளில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் வேலை அதுதான். பிறகு மூத்தவன் சிரிக்கத் தொடங்கியிருக்கிறான். இளையவன் சிரிக்கவில்லை, அழுதான் என்று சாரதி சொன்னான்.

எட்டு மணிக்குப் பிறகுதான் ஆசுபத்திரி வாசலுக்கு வந்தார்கள். நான் அங்கே நின்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். மூத்தவன் என் கையைப் பிடித்தான். பார்வை நேரம் முடிந்துவிட்டது. வார்டு வாசலில் நின்ற காவலாளி, "ஒருத்தர்தான் உள்ளுக்குப் போகலாம்" என்றார்.

இதற்குத்தான் வந்தார்களோ என்னவோ! மூன்று நாளாக நீ போ, நீ போ என்றவர்கள் இப்போது நான் போகிறேன், நான் போகிறேன் என்று நின்றார்கள். மூத்தவன் கைத்தொலைபேசியில் என் கடிதத்தைத் திறந்து காவலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தான். இளையவனும் தன்னுடையதைப் பிடித்தான். அந்த மனிதர் இரண்டையும் எழுத்துக் கூட்டி, வான்வழித் தூரம் வரை வாசித்து முடித்தார்.

"இதில வார்ட் நம்பர் இல்லையே" என்றார்.

பிறகு எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் விளங்காது. ரெண்டு பேரும் போங்க. அஞ்சு நிமிசம். சத்தம் போடக்கூடா."

பூரணக்கா இரண்டு பேரையும் கண்டதும் முதலில் ஏசினார். "ஏன்டா ரெண்டு பேரும்? அங்க மருமகள் தனியத்தானே? உனக்கு லீவு தந்தவனா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேருடைய கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மடியை விட்டுக் கையை எடுக்க விடவில்லை. தாதி தாளைக் கொண்டுவந்தபோது கையெழுத்து வைக்க ஒரு கை வேண்டியிருந்தது. அந்த ஒரு கையை விடுவிக்க அவர் பட்ட பாட்டை நான் கதவடியில் நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

வெள்ளி காலை அறுத்தார்கள். கால் தப்பியது. டாக்டர் வெளியே வந்து, "மூன்று விரல் எடுக்க வேண்டி வந்துவிட்டது. இரண்டு நாள் முந்திச் செய்திருந்தால் இரண்டோடு போயிருக்கும்" என்றார். மகன்மார் தலையைக் குனிந்தார்கள். ஆனால் அந்த இரண்டு நாள் யாருடையது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில், "போகவா தம்பி, வரவா?" என்று ஒரே ஒரு கேள்வி நான் திருப்பிக் கேட்டிருந்தால் மூத்தவன் அன்றே ஏறியிருப்பான். அந்த இரண்டு கடிதத்தைப் பற்றி என்னைப் புகழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், முதலாளி உட்பட. அது கெட்டித்தனம் என்று நானும் சிலவேளை நினைப்பேன். நான் உடைத்த பானையை நானே ஒட்டியதுதான் அது. நீங்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது கடிதத்தை இல்லை. உங்களிடம் ஒருத்தர் எவ்வளவு நேரம் என்று கேட்டால், வாய் திறக்க முதல், என்னத்துக்கு என்று கேளுங்கள். நன்றாகத் தெரிந்த பதிலாக இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள்.

பூரணக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவில், வெளி வீதியில், மணலில் கால் நீட்டி இருந்தார். தானே நடந்து வந்திருந்தார். பக்கத்தில் போய் இருந்து, திங்கட்கிழமை நான் பிழையாகச் சொன்னதையும், அதனால் இரண்டு நாள் போனதையும், டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குனிந்து வலது காற் செருப்பைக் கழற்றினார். விரல் இருந்த இடத்தை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது மூத்தவனுக்கு" என்றார். "இது இளையவனுக்கு." மூன்றாவது இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "அப்ப இது உனக்கு."

எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏன் தம்பி முகத்தத் தொங்கப் போடுற? இன்னும் ஏழு கிடக்கு."